துணைக்கு ஒருவர் இலவசம்

விமானக் கம்பெனியும் வங்கியும் கூட்டுச் சேர்ந்து கொடுக்கும் கடன் அட்டையில் துணைச்சீட்டு என்று ஒன்று வருகிறதே, அது இன்றைக்கும் வைத்திருக்கத் தகுந்ததுதானா என்று விவரம் தெரிந்தவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். தகும் என்கிறார்கள் பாதிப் பேர். பார்த்துச் செய்யுங்கள் என்கிறார்கள் மீதிப் பேர். மாஸ்டரை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் பளிச்சென்று பதில் சொல்லியிருக்க மாட்டார். கேட்டவர் சீட் பெல்ட் போட்டிருக்கிறாரா என்றுதான் முதலில் பார்த்திருப்பார்.

மாஸ்டர் என்றால் கார் ஓட்டக் கற்றுத்தரும் மாஸ்டர். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்குப் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்தே அவருடைய ஆயுளில் பாதி போய்விட்டது. அந்தப் பக்கமும் ஒரு பிரேக்கும் கிளட்ச்சும் வைத்த வண்டி அது. எதிரே லாரி வந்தால் கற்றுக்கொள்பவர் கண்ணை மூடிக்கொள்வார், மாஸ்டர் காலை அமுக்குவார். அந்தப் பழக்கம் உடம்போடு ஒட்டிப்போய், பஸ்ஸில் போனாலும் சரி, டி.வி.யில் யாராவது வேகமாகப் போனாலும் சரி, அவர் கால் தானாகத் தரையை அமுக்கும். “என் தொழில் ஒண்ணும் பிரமாதம் இல்லீங்க. பயந்தவங்க பக்கத்துல பயப்படாம உக்காந்திருக்கணும், அவ்வளவுதான்” என்பார்.

அவர் மனைவி ஒரு சலவைக்கடையின் கவுண்ட்டரில் துணி வாங்கிப் போடுகிறவர். சாயம் போகும் துணியைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டுவதில் சூராதிசூரி. ஆனால் லிஃப்ட்டைக் கண்டால் வியர்த்துவிடும். ஐந்தாவது மாடி வீட்டுக்கு இத்தனை வருஷமாகப் படியேறித்தான் போகிறார். விமானம் என்ற பேச்சு வந்தால் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவார். அப்படிப்பட்டவருக்கு விமானத்தில் ஏற வேண்டிய தேவை வந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம், மகன் வீட்டில், அவருடைய அக்கா இருந்தார். தாய் போன பிறகு தங்கையை இடுப்பில் தூக்கி, தலை வாரி, பள்ளிக்கூடத்தில் விட்டு வளர்த்த அக்கா. ஒருநாள் அந்த மகன் போன் செய்தான்.

“சித்தி, அம்மாவுக்கு மறதி ஜாஸ்தியாயிட்டே வருது. என் பொண்டாட்டி பேரு போயிடுச்சு. போன வாரம் என் பேரும் போயிடுச்சு. உங்களை மட்டும்தான் இன்னும் மறக்கலை. குட்டி எப்ப வருவா, குட்டி எப்ப வருவான்னு கேட்டுட்டே இருக்காங்க. உங்க போட்டோவைக் காட்டினா டக்குனு சொல்றாங்க. அதுவும் போறதுக்குள்ள ஒரு தடவை வந்துட்டுப் போயிடுங்க சித்தி.”

குட்டி என்பது ஐம்பதைத் தாண்டிய இந்தச் சலவைக்கடைக்காரிதான். போனை வைத்துவிட்டு மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னார்.

“போலாம்” என்றார் மாஸ்டர்.

“தனியா ஏறச் சொன்னா நான் வாசல்லயே செத்துடுவேங்க.”

“உன்னை யாரு தனியா ஏறச் சொன்னது? நான் பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்கறேன். லாரிக்காரனுக்கே பயப்படாதவன் நான்.”

வீரம் சரி. கையில் இருந்ததோ ஒரு டிக்கெட்டுக்கான காசு. இரண்டாவது டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கடன் வாங்கியிருக்கலாம். இன்றைக்கும் மாஸ்டருக்கு அதுதான் ஆற்றாமை. ஆனால் அந்த வாரமே, வணிக வளாகத்தின் நகரும் படிக்கட்டுக்குக் கீழே, நெஞ்சில் சின்ன இறக்கை குத்திக்கொண்டு நின்ற ஒருவர் அவரை மடக்கினார். அவர் நீட்டியது ‘இணைச்சிறகு’ அட்டை.

“ஒரு வருஷம் இந்த அட்டையிலயே செலவு பண்ணிட்டு வாங்க சார். இலக்கைத் தொட்டதும் துணைச்சீட்டு உங்க கையில. நீங்க ஒரு டிக்கெட் எடுத்தா, கூட வர்றவங்க இலவசம்” என்றார் இறக்கைக்காரர்.

“கூட யாரு வேணாலும் வரலாமா?”

“யாரு வேணாலும் சார். நண்பர், பக்கத்து வீட்டுக்காரர்...”

“பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு எதுக்குங்க? என் சம்சாரம்தான்.”

“அப்ப இன்னும் விசேஷம்! மேடத்துக்கும் ஒரு உப அட்டை போட்டுடலாம். ரெண்டு பேரும் செலவு பண்ணினா இலக்கு தானா ஓடி வரும்.”

மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அங்கேயே, நகரும் படிக்கட்டின் இரைச்சலில், இருவருக்கும் அட்டை போட்டுக்கொண்டார். ஆள் உஷார்தான். சாலையில் நாலு வண்டிக்கு அப்பால் பிரேக் விளக்கு எரிந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். இந்த உப அட்டையில் இருந்த ஆபத்து மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

இலக்கு என்று வங்கி வைத்திருந்தது, ஒரு டிரைவிங் மாஸ்டரும் சலவைக்கடைக்காரியும் ஒரு வருஷத்தில் எட்டக்கூடியது அல்ல. அவர்கள் அவ்வளவு சாப்பிடுகிறவர்களும் அல்லர். ஆகவே மாஸ்டர் ஊரார் செலவைத் தன் தலையில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். மாடி வீட்டார் ஃபிரிட்ஜ் வாங்கினால் மாஸ்டரும் கூடப் போவார். அவர் தன் அட்டையைத் தேய்ப்பார், அவர்கள் கையோடு பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். கற்றுக்கொள்ள வந்த பல் டாக்டர் நாற்காலி வாங்கப் போனார், மாஸ்டர் கூடவே போனார். கல்யாணத்துக்குக் கட்டில் வாங்கப் போன மாப்பிள்ளை கூச்சப்பட்டுக்கொண்டே வந்து கூப்பிட்டான், அதற்கும் போனார். கீழ்வீட்டுக்காரருக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கவுண்ட்டரில் பில்லைப் பார்த்து அவர் குடும்பமே முகம் வெளுத்து நிற்க, மாஸ்டர் ஒருவர் மட்டும், “இவ்வளவுதானா? வேற ஒண்ணும் எடுக்க வேண்டாமாமா?” என்று கேட்டுவிட்டார். அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை அன்றோடு நின்றது.

இடையிடையே அக்காவோடு போன் பேச்சு நடந்துகொண்டிருந்தது. “குட்டி, சாப்பிட்டியா? தலையை ஈரத்தோட பின்னாத” என்பார் அக்கா. கொஞ்ச நாளில் அதையே ஒரே பேச்சில் திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தார். தங்கை ஒவ்வொரு முறையும் முதல் முறை கேட்பதுபோலப் பதில் சொன்னார். “வந்துட்டே இருக்கேன்கா. இன்னும் கொஞ்சம்தான் செலவு பண்ணணும்” என்றால் அக்காவுக்கு எப்படிப் புரியும்? நல்லபடியாக மூளை வேலை செய்கிறவர்களுக்கே புரியவில்லை.

ஒருவழியாகத் துணைச்சீட்டு வந்தது. வழவழவென்ற உறைக்குள், பொன்னிற ஓரம் போட்ட காகிதம். ‘வாழ்த்துகள்! தாங்கள் இனித் தனியர் அல்லர்’ என்று எழுதியிருந்தது. மாஸ்டர் உடனே வங்கிக்குப் போன் போட்டார். ‘உங்கள் துணைமை எங்களுக்கு முக்கியம்’ என்று ஒரு குரல் இசைக்கு நடுவில் சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெண் வந்தார். துணைவர் பெயரைக் கேட்டார். மாஸ்டர் சொன்னார். அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் நின்றது.

“ஸாரி சார். இவங்க துணையா வர முடியாது.”

“ஏம்மா? என் சம்சாரம்மா அது.”

“அதேதான் சார் பிரச்சினை. அவங்க உப அட்டைக்காரங்க. உங்க கணக்குக்குள்ள இருக்காங்க. கணக்குக்குள்ள இருக்கறவங்க துணை ஆக மாட்டாங்க.”

மறுநாள் இருவரும் லீவு போட்டுவிட்டு நேரில் போனார்கள். வங்கியின் கட்டடம் வானத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. துணைமைத் தகுதிப் பிரிவு உச்சி மாடியில். மனைவி லிஃப்ட்டைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார். மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பாதிவரை படியேறி, மூச்சு வாங்க, மீதியையும் படியிலேயே ஏறினார்.

அங்கே இருந்த அதிகாரி தங்கமானவர். கண்ணாடி மேசை, கண்ணாடிச் சுவர், சிரிப்பும் கண்ணாடிச் சிரிப்பு. தண்ணீர் கொடுத்தார், மூச்சு வாங்கி முடியும்வரை காத்திருந்தார். பிறகு விளக்கினார்.

“சார், எங்க வங்கி குடும்ப உறவை ரொம்ப மதிக்கிற வங்கி. ஈருடல் ஓருயிர்னு எல்லாரும் பேச்சுக்குச் சொல்லுவாங்க. அதை எழுத்துல கொண்டு வந்தது நாங்கதான். எப்ப நீங்க மேடத்துக்கு உப அட்டை வாங்கினீங்களோ, அப்பவே எங்க பார்வையில நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆள் ஆயிட்டீங்க. ஒருத்தர் தனக்குத்தானே துணையா போக முடியுமா? நீங்களே சொல்லுங்க.”

“அப்ப நான் யாரைக் கூட்டிட்டுப் போறது?” என்றார் மாஸ்டர்.

“உலகத்துல யாரை வேணாலும். மேடத்தைத் தவிர.”

மனைவி வாயைத் திறந்தார். “வேற ஒருத்தியைக் கூட்டிட்டுப் போலாமா?”

“தாராளமா மேடம். வாடிக்கையாளரோட ஒழுக்கத்துல நாங்க எப்பவும் தலையிடறதில்லை.”

சலவைக்கடைக் கவுண்ட்டரில் எத்தனையோ கறைகளைப் பார்த்த அம்மாள் அவர். இதற்கு என்ன போட்டுத் துவைப்பது என்று தெரியாமல் திகைத்துப்போனார்.

வழி இல்லாமல் இல்லை. அதிகாரி வழியும் சொன்னார். உப அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தவுடன் ‘விலகல் காலம்’ தொடங்கும். கணக்கிலிருந்து மனைவி முற்றிலுமாக இறங்கிவிட்டார் என்று வங்கிக்கு மனத்திருப்தி ஏற்படச் சில மாதங்கள் ஆகும். அதோடு, மனைவி செய்த செலவு இலக்குக்குச் சேர்ந்த கணக்கிலிருந்து கழிக்கப்படும். அதை மாஸ்டர் மறுபடி செலவு செய்து நிரப்ப வேண்டும். அதுவரைக்கும் துணைச்சீட்டை வங்கியே பத்திரமாக வைத்திருக்கும்.

“கவலைப்படாதீங்க” என்றார் அதிகாரி, பொன்னிற ஓரக் காகிதத்தை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டே. “உங்ககிட்ட இருக்கறதைவிட எங்ககிட்ட பத்திரமா இருக்கும்.”

மாஸ்டர் மறுபடியும் ஊரார் பின்னால் அலைந்தார். ஆனால் ஊரார் உஷாராகிவிட்டார்கள். மாடி வீட்டார் அவரைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பல் டாக்டர் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கட்டில் வாங்கிய மாப்பிள்ளை ஒருவன்தான் தொட்டில் வாங்கக் கூப்பிட்டான். அதற்குள் அவ்வளவு காலம் ஆகியிருந்தது.

விலகல் காலம் முடிந்ததும் ஒரு கடிதம் வந்தது. கணக்கிலிருந்து விலக்கப்பட்டவரையே துணையாக அழைத்துப்போக விரும்புவது ஐயத்துக்கு இடமளிப்பதால், இருவரும் உண்மையிலேயே துணைகள்தானா என்று நேர்காணலில் மெய்ப்பிக்க வேண்டுமாம். அது வேறு பிரிவு, வேறு மாடி. தகுதிப் பிரிவும் உறுதிப் பிரிவும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. துணைமைப் பிரிவுகள் அல்லவா, அப்படித்தான் இருக்கும்.

நேர்காணலை நடத்திய அம்மையார் மூக்கு நுனியில் கண்ணாடி வைத்திருந்தார். இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்துக் கேட்டார். குறட்டை விடுவது யார், துணைவர் கோபம் வந்தால் என்ன செய்வார், கடைசியாக இருவரும் சேர்ந்து எதற்குச் சிரித்தீர்கள். கடைசிக் கேள்விக்கு இருவருமே வெகுநேரம் யோசித்து, “ஞாபகம் இல்லை” என்றார்கள். பதில்கள் ஒத்துப்போனதில் அம்மையாருக்குப் பரம திருப்தி.

பிறகு இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டார். “விமானத்துல இவங்களுக்கு நீங்க என்ன உதவியா இருப்பீங்க?” என்று மாஸ்டரைக் கேட்டார்.

“அவளுக்குப் பயம் மேடம். கையைப் பிடிச்சுப்பேன்.”

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். “அது உணர்ச்சி சார்ந்த துணைமை. எங்க திட்டம் பயணம் சார்ந்த துணைமைக்கு மட்டும்தான். கையைப் பிடிக்கறதெல்லாம் உங்க சொந்தப் பொறுப்பு. அதனால ஏதாவது ஆச்சுன்னா வங்கி பொறுப்பேற்காது.”

“ஏங்க, கையைப் பிடிச்சா என்னங்க ஆகும்?” என்று வெடித்தார் மனைவி. “எங்கக்கா அங்க என்னை மறந்துட்டு இருக்கா. தினமும் கொஞ்சம் கொஞ்சமா மறக்கறா. நீங்க குறட்டையைப் பத்திக் கேட்டுட்டு இருக்கீங்க!”

அம்மையார் பதறவில்லை. “உங்க உணர்வை நாங்க பதிவு பண்ணிக்கறோம். மறதி எங்க விதிகள்ல இல்லை. இறப்புக்கு மட்டும் ஒரு சலுகை இருக்கு. அக்காவுக்கு அந்த மாதிரி ஏதாவது ஆச்சுன்னா உடனே சொல்லுங்க, முன்னுரிமை கொடுக்கறோம்” என்றார். மனமாரத்தான் சொன்னார். அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

அந்த வாரப் போன் பேச்சில் அக்கா, “யாரு பேசறது?” என்றார். “குட்டி பேசறேன்கா.” அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, “குட்டியா! சாப்பிட்டியா?” என்று குரல் மலர்ந்தது. தங்கை போனை வைத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனார். அன்று ஒரு வெள்ளைச் சட்டையைச் சிவப்புத் துணிகளோடு போட்டுவிட்டார். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

இந்தச் சமயத்தில்தான் வங்கி ‘மதிப்பு நாள்’ கொண்டாடியது. துணைச்சீட்டு இன்றைக்கும் வைத்திருக்கத் தகுந்ததுதானா என்று வெளியில் பேச்சு கிளம்பிவிட்டதால், வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு வைத்துத் தலைவரே பதில் சொல்லப் போவதாக அழைப்பு வந்தது. பெரிய அரங்கம், குளிர்சாதனம், நாற்காலிக்கு நாற்காலி பொன்னிற ஓரம் போட்ட துண்டறிக்கை. தலைவர் மேடையேறினார். இனி அவர் வாயாலேயே கேட்கலாம்.

“நண்பர்களே! துணைச்சீட்டு வைத்திருக்கத் தகுந்ததுதானா என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன். வைத்திருப்பது என்றால் என்ன? பயன்படுத்துவதா? இல்லை. பயன்படுத்திவிட்டால் அது கையில் இருக்காது. எங்கள் ஆய்வு சொல்கிறது, துணைச்சீட்டைப் பயன்படுத்திய ஒவ்வொருவரும் அதை இழந்திருக்கிறார்கள். ஒருவர்கூட விலக்கு இல்லை!”

கைதட்டல் கேட்டது. முதல் வரிசையில் வங்கி ஊழியர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“இன்னொன்றும் கவனித்தோம். துணைச்சீட்டைப் பயன்படுத்தியவர்கள் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நன்றி கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயன்படுத்தாதவர்கள் எங்களோடு வருஷக்கணக்காக இருக்கிறார்கள். ஆண்டுக் கட்டணம் கட்டுகிறார்கள், போன் செய்கிறார்கள், நேரில் வருகிறார்கள். அதுவல்லவா உறவு? அந்த உறவைக் காப்பாற்றத்தான் எங்கள் ஊழியர்கள் இரவு பகலாகப் பாடுபடுகிறார்கள். துணைச்சீட்டின் உண்மையான துணை யார்? நாங்கள்தான்!”

இதற்கும் கைதட்டல். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கேள்வி கேட்கலாம் என்றதும் மாஸ்டர் எழுந்துவிட்டார். அவருக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. ஒலிவாங்கியை கியர் கம்பிபோலப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, நான் டிரைவிங் மாஸ்டர். எங்கிட்டக் கத்துக்க வர்றவங்ககிட்ட நான் காசு வாங்கறேன். ஆனா வண்டியைக் கொடுத்து ஓட்டச் சொல்றேன். உங்க ஸ்கூல்ல காசை வாங்கிட்டு சாவியையே காட்ட மாட்டேங்கறீங்க. இவளுக்கு அக்காவைப் பாக்கணும். அக்கா மறக்கறதுக்குள்ள பாக்கணும். எங்களுக்கு எப்பதான் சீட் கொடுப்பீங்க? அதை மட்டும் சொல்லுங்க, உக்காந்துக்கறேன்.”

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அதைக் கேட்டு இன்னும் சிலர் தட்டினார்கள். புகைப்படக்காரர்கள் மாஸ்டர் பக்கம் திரும்பினார்கள். தலைவர் ஆளை எடைபோடத் தெரிந்தவர். மேடையிலிருந்து இறங்கி வந்தார், மாஸ்டரைக் கட்டிப்பிடித்தார், அங்கேயே தகுதியையும் உறுதியையும் வழங்கிவிட்டதாக அறிவித்தார். அவர் கட்டிப்பிடித்த படம் மறுநாள் எல்லா இடத்திலும் வந்தது. படத்தில் மாஸ்டரின் மனைவி இல்லை. யாரோ அவரைக் கொஞ்சம் நகர்ந்துகொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

சீட் கிடைத்தது என்னவோ உண்மை. துணைச்சீட்டுக்கு என்று ஒதுக்கிய இருக்கைகள் சில நாட்களில் மட்டும்தான் திறக்குமாம். மழைக்காலத்தின் நடுவில் ஒருநாள் திறந்தது. இலவச டிக்கெட்டுக்கு எரிபொருள் கட்டணம், விமான நிலையக் கட்டணம், இருக்கைக் கட்டணம், துணைமைச் சேவைக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. கூட்டிப் பார்த்தபோது, வேறு விமானத்தில் சாதாரணமாக ஒரு டிக்கெட் எடுப்பதைவிடக் கொஞ்சம் கூடவே வந்தது.

மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “அன்னிக்கே யார்கிட்டயாவது கைமாத்து வாங்கிப் போயிருக்கலாம்ங்க” என்றார். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாஸ்டர் பதில் பேசியிருப்பார்.

விமானத்தில் ஏறிய பிறகுதான் கடைசி விஷயம் தெரிந்தது. மாஸ்டருக்கு முன்பக்கம். மனைவிக்குக் கடைசி வரிசை, கழிப்பறைக்கு முன்னால்.

“துணை இருக்கைகள் எல்லாமே பின்னாடிதான் சார்” என்றார் பணிப்பெண்.

“யார்கிட்டயாவது கேட்டு மாத்திக்கறேனேம்மா. அவ பயப்படுவா.”

“இடம் மாறினா துணைச்சீட்டு ரத்தாயிடும் சார். முழுக் கட்டணத்தையும் இங்கேயே கட்டணும்.”

“நீங்க போய் உக்காருங்க” என்றார் மனைவி. உதடு காய்ந்திருந்தது. “நான் பாத்துக்கறேன்.”

மாஸ்டர் தன் இடத்துக்குப் போனார். அவருடைய வரிசை முழுக்க நடுவயது ஆண்கள். விமானம் ஓடுதளத்தில் வேகம் எடுத்தபோது அவர் கால் தரையை அமுக்கியது. அமுக்கி என்ன பயன், அது ஏறத்தான் ஏறியது. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். திரைச்சீலை மூடியிருந்தது. பக்கத்தில் இருந்தவரும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க வீட்டுக்காரம்மாவும் பின்னாடியா?” என்றார் மாஸ்டர்.

“ஆமாங்க. மூணு வருஷம் செலவு பண்ணினேன்.”

இறங்கிய இடத்தில் மனைவி வெளிறிப்போய் நடந்து வந்தார். “பக்கத்துல ஒரு அம்மா இருந்தாங்க. அவங்களுக்கும் பயமாம். ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுட்டே வந்தோம்” என்றார். மாஸ்டருக்கு அந்த முகம் தெரியாத அம்மாள்மேல் நன்றி பொங்கியது. கூடவே வயிறும் எரிந்தது. இந்தக் கைக்காகத்தானே அவர் ஒரு கட்டில், ஒரு தொட்டில், ஒரு பித்தப்பை என்று அலைந்தார்.

அக்கா மகன் வந்து காரில் கூட்டிப்போனான். வழியில் அதிகம் பேசவில்லை. வீட்டு வாசலில் நின்று, “இன்னிக்குக் காலையிலகூட குட்டி எப்ப வருவான்னு கேட்டாங்க சித்தி” என்று மட்டும் சொன்னான். சித்தியின் முகம் அதைக் கேட்டுப் பளிச்சென்று ஆனது. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். அக்காவுக்குப் பிடிக்கும் என்று, தலையை நன்றாகக் காயவைத்துப் பின்னியிருந்தார்.

அக்கா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சின்னதாகிப் போயிருந்தார். முதலில் உள்ளே வந்த மாஸ்டரைப் பார்த்ததும் கண் மலர்ந்தது.

“வாங்க தம்பி! இளைச்சுட்டீங்களே. வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கற வேலைதானே இன்னும்?”

மாஸ்டர் திகைத்துப்போனார். மகன் பெயரையே மறந்தவருக்குத் தன்னைத் தெரிகிறது. அவர் சந்தோஷமாக நகர்ந்து, பின்னால் நின்ற மனைவிக்கு வழி விட்டார்.

மனைவி முன்னால் வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். “அக்கா” என்றார்.

அக்கா அவரை மரியாதையாகப் பார்த்தார். வீட்டுக்கு வந்த அயலாரைப் பார்க்கும் பார்வை. பிறகு அவரைத் தாண்டி வாசலைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார்.

“குட்டியைக் கூட்டிட்டு வரலையா தம்பி?”

பெயர் பத்திரமாக இருந்தது. முகம்தான் போயிருந்தது. எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது. விலகல் காலத்திலா, நேர்காணல் நடந்த அன்றைக்கா, மழைக்காலத்துக்காகக் காத்திருந்தபோதா. மகன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“தனியா விட்டுட்டா வந்தீங்க?” அக்காவின் குரலில் கண்டிப்பு ஏறியது. “அவ பயந்தாங்கொள்ளி தம்பி. உங்களை நம்பித்தானே கட்டிக் கொடுத்தேன்.” பிறகு, வந்தவர் மனம் நோகக் கூடாது என்று குனிந்து, “நீங்க யாரும்மா?” என்று கேட்டார்.

மாஸ்டர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். மனைவி வேண்டாம் என்று தலையசைத்தார். அக்காவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

“இவருக்குத் துணைக்கு வந்தேங்க.”

“நல்லதும்மா” என்றார் அக்கா. கையை விடுவித்துக்கொள்ளவில்லை. “எனக்கு ஒரு உதவி பண்ணுவீங்களா? திரும்பிப் போனதும் எங்க குட்டியை நீங்களே கூட்டிட்டு வந்துடுங்க. தனியா ஏற மாட்டா. வழியெல்லாம் கையைப் பிடிச்சுக்கணும்.”

“சரிங்க” என்றார் தங்கை. “கூட்டிட்டு வரேன்.”